ஓட முடியாதவர்களுக்காக

(சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகின்றது.)



உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, ஒரு தகரப் பெட்டியோடு இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்தவள் நான். நூறு வருடம் கண்ட ஒரு சங்கத்தின் மேடையில் பேசக் கிடைத்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதுகின்றேன். "எதைப் பேசினாலும் சரி தங்கச்சி, நாங்க வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியதாகப் பேசுங்க" என்று செயலாளர் அக்கா சொல்லியிருந்தார்கள். நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆனால் இன்றைய நிகழ்ச்சி நிரலில், நூற்றாண்டு நினைவாக ஒரு வைத்தியசாலைக்கு உதவி செய்வது பற்றிய பிரேரணை இருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் வைத்தியசாலையில் தீ பற்றினால் என்ன நடக்கும், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நான் மயக்க மருந்து வைத்தியர். என் முன்னால் படுத்திருப்பவரை நானே அசைய முடியாதவராக ஆக்குகின்றேன். அவர் மூச்சு என் கையில். அந்த நேரத்தில் கட்டடத்தில் தீ பற்றினால் அவர் எழுந்து ஓட மாட்டார். இருதய நோயாளர் ஓட மாட்டார். காலில் கம்பி போட்டவர் ஓட மாட்டார். அன்று காலை வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற தாய் ஓட மாட்டாள். அவள் பிள்ளையும் ஓடாது. பாடசாலையில், கடையில், தியேட்டரில் தீ பற்றினால் "எல்லோரும் வெளியே ஓடுங்கள்" என்று சொல்லலாம். வைத்தியசாலையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், நான் சொல்லப்போகும் மற்ற அனைத்தும் தானாக விளங்கும்.

எங்கள் தீவுக்காரருக்கு வைத்தியசாலை என்றால் கரை. பிரசவ வலி எடுத்தாலும், காய்ச்சல் ஏறினாலும், வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டிக்குக் கொண்டுவர வேண்டும். கற்பிட்டியில் முடியாவிட்டால் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து புத்தளம் ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கட்டிலில் படுக்கவைத்து, சேலைன் ஏற்றியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கூட வந்தவர்கள் "இனிப் பயமில்லை" என்று மூச்சு விடுவார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு மருந்துக்கு மட்டும் உரியதில்லை. கட்டடத்துக்கும் உண்டு.

உச்சமுனையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு மறுகரையில் இருக்கிறது ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்தத் தர்காவை எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் அறிவார்கள்; நேர்ச்சை வைத்துப் போய்வந்தவர்களும் உண்டு. மனநோயாளரைக் குணம் தேடி அங்கே கொண்டுபோவது நெடுங்கால வழக்கம். அவர்களைத் தங்கவைப்பதற்கென்று தனியார் இல்லங்கள் பல அவ்வூரில் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில், அப்படியான ஓர் இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீ பற்றியது. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தீ எவ்வளவு வேகமாக வந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கால் விலங்கின் திறப்பு இன்னொருவர் கையில் இருந்தது.

அந்தச் செய்தி இந்தியாவையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அவ்வாறான இல்லங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. நல்லது. ஆனால் நோயாளரைப் பிணைப்பதற்கு இரும்புச் சங்கிலிதான் வேண்டும் என்றில்லை. பூட்டிய பின்கதவும் சங்கிலிதான். படிக்கட்டை அடைத்துக் கிடக்கும் பழைய கட்டிலும் சங்கிலிதான். திறப்பு வைத்திருப்பவர் தேநீர் குடிக்கப் போயிருந்தால் அதுவும் சங்கிலிதான்.

அடுத்ததாகக் கொல்கத்தாவைச் சொல்கின்றேன். இது ஓலைக் கொட்டகை இல்லை; கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியும் உள்ள, வசதியானவர்கள் போகும் தனியார் வைத்தியசாலை. தாக்குரியா என்ற இடத்தில் இருந்த ஆம்ரி வைத்தியசாலையில் 2011 டிசம்பர் 9ஆம் திகதி விடிவதற்கு முன் தீ பற்றியது. வாகனம் நிறுத்துவதற்கான நிலத்தடித் தளத்தில் எளிதில் எரியும் பொருட்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் பற்றியது. ஆனால் இறந்த ஏறத்தாழ 90 பேரில் பெரும்பாலானோர் மேல்மாடிகளில் படுத்திருந்தவர்கள். நெருப்பு அவர்களைத் தொடவில்லை. புகைதான் குழாய் வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் மேலே ஏறிக் கொன்றது. திறக்க முடியாத கண்ணாடிக்குள் புகை அடைபட்டுப்போனது.

பக்கத்துச் சேரியில் இருந்தவர்கள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தபோது, காவலாளிகள் முதலில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போது வெளிவந்த செய்தி. தீயணைப்புப் படைக்கும் தாமதமாகவே தகவல் போனது. பிறகு அதே சேரி இளைஞர்கள்தான் ஏறி, கண்ணாடியை உடைத்து, நோயாளரை இறக்கினார்கள். அந்த வைத்தியசாலையில் வேலை செய்த கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் தாதியர், தங்கள் வாட்டில் இருந்த எட்டு நோயாளரை வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, எஞ்சியிருந்தவரைத் தேடித் திரும்பவும் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. தாதியர் பணியில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அந்த இரு பெண்களின் துணிச்சலை நாம் போற்ற வேண்டும். கூடவே ஒன்றைக் கேட்கவும் வேண்டும்: ஒரு கட்டடம் செய்ய வேண்டிய வேலையை ஏன் இரண்டு பெண் பிள்ளைகளின் உயிர் செய்ய வேண்டிவந்தது?

புகை ஏன் இவ்வளவு கொடியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக் எல்லாம் எரியும்போது காபனோரொட்சைட்டு வெளியாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பஞ்சு மெத்தை என்று நாங்கள் சொல்லும் நுரை மெத்தை எரிந்தால் சயனைட்டு வாயுவும் வரும். சில மூச்சிலேயே தலை சுற்றி, யோசிக்கும் சக்தி போய், கதவுப்பிடி எங்கே என்று தெரியாமல் மனிதர் விழுந்துவிடுவார். சூடான புகை முதலில் மேலே ஏறிக் கூரையடியில் தங்கி, பின் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதனால்தான் புகைக்குள் நிற்காதே, குனி, தவழ் என்று சொல்கின்றோம். கட்டிலில் கிடப்பவருக்கு அதுவும் முடியாது.

பச்சிளங் குழந்தைகளின் பிரிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட வைத்தியசாலையில் 2021 ஜனவரி 9ஆம் திகதி நள்ளிரவுக்குப் பிறகு, 17 குழந்தைகள் இருந்த சிறப்புப் பிரிவில் தீ பற்றியது. 10 குழந்தைகள் இறந்தன. 7 குழந்தைகள் காப்பாற்றப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி நகர மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் 2024 நவம்பர் 15ஆம் திகதி இரவு அதே போன்ற ஒரு பிரிவில் தீ பற்றி, அன்றிரவே 10 குழந்தைகள் இறந்தன. அதற்கு ஒரு மாதம் கூட ஆகவில்லை, டிசம்பர் 12ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில், எலும்பு முறிவுக்குச் சிகிச்சை அளிக்கும் தனியார் வைத்தியசாலை ஒன்றில் தீ. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் அவர்களைக் கண்டெடுத்தார்கள். பக்தாத் நகரின் இப்னு அல்-கதீப் வைத்தியசாலையில் 2021 ஏப்ரல் 24ஆம் திகதி இரவு ஒட்சிசன் சிலிண்டர் வெடித்துப் பரவிய தீயில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரோனா நோயாளரோடு, அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உறவினரும் அதில் அடக்கம்.

இத்தனை சம்பவங்களையும் அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். விடியற்காலை, விடிவதற்கு முன், நள்ளிரவுக்குப் பின், இரவு, இரவு, இரவு. பகலில் தீ பற்றுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பகலில் பற்றினால் நூறு கண்கள் பார்க்கும். புகை சிறிதாக இருக்கும்போதே ஒருவர் சத்தம் போடுவார். இரவில் நாற்பது நோயாளருக்கு இரண்டு தாதியரும் ஒரு சிற்றூழியரும் இருப்பார்கள். பின்வாசல் பூட்டப்பட்டிருக்கும். மின்னியலாளர் வீட்டில் இருப்பார். எனவே ஒரு வைத்தியசாலை பாதுகாப்பானதா என்பதை அதன் பகல் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு அது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சரி, ஓட முடியாதவர்களை எப்படிக் காப்பாற்றுவது? எங்கள் ஊரில் கிடுகு வேய்ந்த வாடி ஒன்றில் தீ பற்றினால், அனுபவமுள்ள மீனவர்கள் எரியும் வாடியோடு மட்டும் மல்லுக்கட்ட மாட்டார்கள். ஆட்களை வெளியே எடுத்தவுடன், காற்று அடிக்கும் பக்கம் இருக்கும் அடுத்த வாடியின் கிடுகை இழுத்துப் போடுவார்கள். தீ தாண்டக் கூடாத ஓர் எல்லையை உண்டாக்குவார்கள். நவீன வைத்தியசாலைகளின் தீப் பாதுகாப்பும் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் தீயைத் தாங்கும் சுவரும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வைப்பார்கள். ஒரு பகுதியில் தீ பற்றினால் நோயாளரை மாடியிலிருந்து தெருவுக்கு இறக்க முயல மாட்டார்கள். அதே மாடியில், கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். அங்கேயும் ஆபத்து நெருங்கினால் அதற்கு அடுத்த பகுதி. படிக்கட்டு கடைசி வழி. லிப்ட் வழியே இல்லை.

நிபுணத்துவப் பயிற்சிக்காக ஒரு வருடம் நான் பிரித்தானியாவில் வேலை செய்தேன். அங்கே வைத்தியசாலை நடைபாதை எங்கும் பாரமான கதவுகள். ஒவ்வொன்றிலும் சிறு நீல வட்டத்தில் "தீக்கதவு, சாத்தியே வைக்கவும்" என்று எழுதியிருக்கும். தள்ளுவண்டியோடு போகும்போது அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதவு சும்மா நிற்கவில்லை, அந்தப் பக்கம் படுத்திருக்கும் முப்பது பேருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது என்பதை அங்குள்ள துப்புரவுப் பணியாளரும் அறிவார். எல்லாப் பணியாளருக்கும் அதற்குப் பயிற்சி உண்டு.

திரும்பி வந்து நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், நடைபாதைக் கதவு காற்று வரட்டும் என்று செங்கல் வைத்துத் திறந்து விடப்பட்டிருந்தது. பின்பக்கப் படிக்கட்டின் இரும்புக் கேட் திருடருக்குப் பயந்து பூட்டப்பட்டிருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் உடைந்த கட்டில்கள். வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு முடிந்து கழித்துவிடும் வரை அவற்றை வெளியே போட முடியாதாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு: வெக்கை, களவு, அலுவலக விதி. ஆனால் சாத்தியிருக்க வேண்டிய கதவு திறந்திருந்தது. திறக்க வேண்டிய கதவு பூட்டியிருந்தது. இந்த இரண்டையும் சரிசெய்ய அங்கே எங்களுக்குப் புதிய கட்டடம் தேவைப்படவில்லை. கதவுக்குத் தானாகச் சாத்தும் கருவியும், கேட்டுக்கு உள்ளிருந்து திறப்பில்லாமல் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளும், கட்டில்களுக்கு ஒரு கொட்டிலும் போதுமாக இருந்தன. கிடைக்க எட்டு மாதம் ஆனது. ஆனாலும் கிடைத்தது.

என் துறையோடு சம்பந்தப்பட்டதால் ஒட்சிசனைப் பற்றியும் விளக்குகின்றேன். ஒட்சிசன் தானாக எரிவதில்லை. எரிவதை வெறி பிடிக்க வைக்கும். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். அதற்கு மேல் சற்றுக் கூடினாலே, மெல்லப் புகையும் துணி குபீரென்று எரியும். முகமூடி கழன்று கிடந்தால் ஒட்சிசன் போர்வையிலும் தலைமுடியிலும் தங்கியிருக்கும். வாயுக் குழாயை மூடிய பிறகும் சில நிமிடங்களுக்கு அது போகாது. ஒட்சிசன் சிலிண்டரின் வாயில் எண்ணெயோ கிறீஸோ பட்டால் அதுவே தீக்குச்சி.

இது வாட்டுக்கு மட்டும் உரிய பாடமில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில், உம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்று ஒட்சிசன் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறோம். அந்த அறையில் சிகரெட், மெழுகுதிரி, குத்துவிளக்கு, சாம்பிராணி, நுளம்புத் திரி எதுவும் வேண்டாம். நோயாளரின் உதட்டுக்கு வாசலின் பூசாதீர்கள். நீரில் கரையும் களிம்பு இருக்கிறது. இயந்திரத்தை நீட்சி வயரில் மாட்டாமல் சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள். கைக்குப் பூசும் கிருமிநீக்கித் திரவத்தில் மதுசாரம் இருப்பதால், கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுப்பையோ இயந்திரத்தையோ தொடுங்கள்.

வாட்டில் தீயைக் கண்டால் செய்ய வேண்டியவை நான்கு. தாதியருக்கு இவை தெரியும். கூட இருக்கும் எங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. முதலாவது, நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவரை விலக்குவது. இரண்டாவது, சத்தம் போட்டு எச்சரிக்கை மணியை அடித்து, தீயணைப்புப் படைக்கு அறிவிப்பது, இலங்கையில் 110. மூன்றாவது, வெளியே வரும்போது கதவைச் சாத்துவது. அந்த வாட்டுக்குப் போகும் ஒட்சிசனை நிறுத்தும் முடிவைப் பொறுப்புத் தாதியோ வைத்தியரோ எடுப்பார், மூச்சுக்கு ஒட்சிசன் தேவையானவர்களுக்குச் சிறு சிலிண்டர் மாட்டிய பிறகு. நான்காவதுதான் அணைப்பது, அதுவும் தீ ஒரு குப்பைக் கூடையின் அளவில் இருந்தால், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும். மின்சாரத்தில் பற்றிய தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதற்குக் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர்.

விழா மேடையில் இரண்டு தங்கைமாரை அழைத்து ஒரு செயலைச் செய்து காட்டினேன். மலரில் படிப்பவர்களுக்காக அதைச் சொற்களில் தருகின்றேன். நடக்க முடியாத ஒருவரைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. படுக்கை விரிப்பின் நான்கு முனைகளையும் மெத்தைக்கு அடியிலிருந்து இழுத்தெடுங்கள். கட்டிலை முடிந்தளவு தாழ்த்துங்கள். தலைப்பக்கத்தை ஒருவரும் கால்பக்கத்தை ஒருவரும் பிடித்து, விரிப்போடு நிலத்தில் இறக்குங்கள். பிறகு தலைப்பக்க முனைகளைச் சுருட்டிப் பிடித்து, தலை முன்னால் வரும்படி இழுத்துக்கொண்டு போங்கள். வழுவழுப்பான தரையில் ஒரு பெண் தனியாகவே பாரமான மனிதரை இழுத்துவிடலாம். மேடையில் விரிப்பில் கிடந்தவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. இழுத்தவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சிறுமி இனி வாழ்நாளில் அதை மறக்க மாட்டாள்.

இனி எங்கள் பிரேரணைக்கு வருகின்றேன். இதைச் சொல்லும்போது யாரும் மனம் நோகக் கூடாது. வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இருந்து வைத்தியசாலைகளுக்கு நாங்கள் அள்ளிக் கொடுக்கிறோம். குளிரூட்டி கொடுக்கிறோம், குளிர்சாதனப் பெட்டி கொடுக்கிறோம், சுடுநீர்க் கருவி, மின்சாரக் கட்டில், குழந்தைகளுக்குச் சூடேற்றும் கருவி எல்லாம் கொடுக்கிறோம். பெயர்ப்பலகை அடித்து, நாடா வெட்டி, படம் எடுக்கிறோம். ஆனால் அந்த வாட்டின் வயர் எப்போது போட்டது என்று கேட்பதில்லை. நாலு மின்குமிழுக்கும் ஆறு மின்விசிறிக்கும் என்று போட்ட வயரில் நாலு குளிரூட்டியை மாட்டினால், சுவருக்குள் இருக்கும் வயர் இரவும் பகலும் சூடேறும். அதன் உறை காய்ந்து வெடிக்கும். ஒரு பிளக்கில் மூன்று அடப்டர் தொங்கும். குளிரூட்டி வந்ததும் யன்னல்களை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். புகை போகும் வழியும் அதோடு போய்விடும். அன்போடு கொடுத்த பொருளே ஆபத்தாக முடியும் வாய்ப்பு அங்கே இருக்கிறது.

ஆகவே எங்கள் நூற்றாண்டுக் கொடை வேறு விதமாக இருக்கட்டும் என்று முன்மொழிகின்றேன். ஏதாவது ஒரு வாட்டைத் தேர்ந்தெடுப்போம். வைத்தியசாலை நிர்வாகத்தின் அனுமதியோடு, தகுதி பெற்ற மின் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு அதன் வயர்களையும் மின்சுமையையும் சோதிப்போம். பழுதானதை மாற்றுவோம். மின்னொழுக்கு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆளி வைப்போம். கதவுகளுக்குத் தானாகச் சாத்தும் கருவி போடுவோம். பின்வழிக்கு உள்ளிருந்து தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் போடுவோம். புகை கண்டால் ஒலிக்கும் மணியும், மின்சாரம் போனால் தானாக எரியும் படிக்கட்டு விளக்கும் வாங்கிக் கொடுப்போம். மெத்தைக்கு அடியிலேயே கிடக்கும் இழுவை விரிப்புகள் கொடுப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, வருடத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று இரவு வேளையில், தீப் பயிற்சி நடத்த ஆகும் செலவைப் பத்து வருடத்துக்கு நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அதன் பிறகு குளிரூட்டி கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுப்போம்.

இதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. சுவருக்குள் ஓடும் வயரில் சங்கத்தின் பெயரை எழுத முடியாது. சாத்தியிருக்கும் கதவுக்கு யாரும் நாடா வெட்ட மாட்டார்கள். அந்த வாட்டில் பத்து வருடம் எதுவும் நடக்காமல் போனால், அதுதான் எங்கள் கொடையின் பலன். நடக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள். என்றாலும் இந்தச் சங்கத்தை ஆரம்பித்த மூத்த மாணவிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் விடுதிப் பிள்ளைகளுக்கென்று செய்துவைத்தவற்றில் எதில்தான் அவர்கள் பெயர் இருக்கிறது? பெயர் தெரியாத அக்காமார் செய்துவைத்ததில் படித்து வந்தவர்கள் நாங்கள்.

உலகின் வேறு மூலைகளில் இருந்து இம்மலரைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு சிறு வேண்டுகோள். நீங்கள் இருக்கும் நாட்டில், அடுத்த முறை உறவினரைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகும்போது, பழக்கூடையை மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். வெளியேறும் வழி இரண்டு இருக்கிறதா? இரண்டாவது வழி பூட்டியிருக்கிறதா? படிக்கட்டில் பொருட்கள் அடுக்கியிருக்கிறதா? தீயணைப்புச் சிலிண்டரின் அட்டையில் கடைசியாகச் சோதித்த திகதி என்ன? "தீ பற்றினால் எங்கள் உம்மாவை எந்தப் பக்கம் கொண்டுபோவீர்கள்?" என்று தாதியிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வைத்தியசாலை என்றால் உடனே விரல் நீட்டிக் காட்டுவார்கள். பதில் தெரியாவிட்டால் அந்தத் தாதி மேல் கோபப்படாதீர்கள். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

இங்கே இருக்கும் இளைய தங்கைமாருக்கும் ஒன்று. உங்களில் சிலர் வைத்தியர் ஆவீர்கள், சிலர் தாதியர் ஆவீர்கள், சிலர் பொறியியலாளர், கணக்காளர், நிர்வாகிகள் ஆவீர்கள். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் ஒருநாள் உங்கள் முன்னால் ஒரு கோப்பு வரும். அதில் கதவு ஒன்றைத் திருத்துவதற்கோ, படிக்கட்டு ஒன்றைத் துப்புரவாக்குவதற்கோ சிறு தொகை கேட்டிருப்பார்கள். "இது அவசரமில்லை" என்று எழுதத் தோன்றும். அந்த மாடியில் படுத்திருப்பவரால் ஓட முடியுமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

 பிரேரணையைச் செயற்குழுவின் கையில் ஒப்படைக்கின்றேன். வாட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் அழையுங்கள். முதல் இரவுப் பயிற்சிக்கு நான் வருகின்றேன்.